சிவபாதசுந்தரம் அராவிய ரொக்கர்கள்

வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி. இரத்மலானையில் பழைய தொழிற்சாலைகளுக்குப் பின்னால் போகிற ஒழுங்கை... ஈ காக்கை இல்லை. பேய் வர இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னான்? கிட்ட நெருங்கி இருங்கள்.

அந்த ஒழுங்கையின் முடிவில் பஸீரின் கராஜ். பஸீர் ஜும்மாத் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நின்றவன் நம்முடைய கூட்டாளி றேமண்டின் மச்சான் கொன்ஸ்ரன்ரைன். கொட்டாஞ்சேனைக்காரன். யார் எதைச் செய்தாலும் குறை சொல்லாமல் வாய் மூடாத பிறவி. கட்டின பெண்டாட்டியையும் விடவில்லை. "இது சொதியோ, அரிசி கழுவின தண்ணியோ?" என்று நாள் தவறாமல் கேட்பான். நிரோஷா எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள்? பெட்டியைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று காலை போனில் முடிவாகச் சொன்னாள். "இண்டைக்குப் பொழுதுபடமுன்னம் வந்து கூப்பிட்டா வாறன். இல்லாட்டி இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்."

ஓர் ஓட்டோ பிடித்துப் போனால் முடிந்த விஷயம். ஆனால் துரைக்குக் கார் வேண்டும்! அறுபதுகளில் வந்த, கூரையில்லாத, இரண்டே பேர் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வெள்ளவத்தை சிவபாதசுந்தரம் செத்த பிறகு அவர் வீட்டாரிடம் வாங்கியது. அதில் நிரோஷாவை ஏற்றிக்கொண்டு காலி வீதியால் வந்தால்தான் அவனுக்கு மானமாம். அதற்கும் இருக்கிற என்ஜின் போதாதாம், இன்னும் சீறிப் பாய வேண்டுமாம்.

அதற்காக என்ஜினைத் திறந்து ரொக்கர்களைக் கழற்றித் தட்டில் போட்டிருந்தான். வால்வுகளை அமத்தித் திறக்கிற, விரல் நீள இரும்புத் துண்டுகள். பாரம் குறைந்தால் என்ஜின் வேகம் கூடும். சிவபாதசுந்தரம் ஏற்கெனவே அவற்றைத் தன் கையால் அராவி, செட்டியார் தெருவில் வாங்கிய பொன் தராசில் நிறுத்து, எல்லாவற்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"பென்ஷன் எடுத்த கிழடு, பொழுதுபோகாமச் சுரண்டியிருக்கு," என்று கொன்ஸ்ரன்ரைன் சிரித்தான்.

"இதுக்கு மேல அராவினா உடஞ்சி போகும். தொழுதிட்டு வந்து அப்படியே பூட்டித் தாறன்," என்றார் பஸீர்.

"நீங்க போங்க நானா. உங்களுக்கு என்ன தெரியும்?"

பஸீர் போனார். கிரைண்டர் சுழன்றது. கர்ர்ர்... பொறி பறந்தது. சுட்ட இரும்பு மணந்தது.

பின்னால்... "ச்சு."

நாக்கால் சூள் கொட்டும் சத்தம். திரும்பினான். ஒருவருமில்லை. திருநீற்று மணம் மட்டும், அதோடு பழைய எண்ணெய் மணம்.

இரண்டாவது துண்டை எடுத்தான். "ச்சு." இப்போது தோளுக்குப் பக்கத்தில். மூன்றாவதற்கு, காதுக்குள்ளேயே.

பயந்தானா? பயப்படுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். இவனுக்குக் கோபம்தான் வந்தது. பிறந்ததிலிருந்து ஊருக்கெல்லாம் குறை சொன்னவனுக்கு, இன்னொருவர் சொன்னால் பொறுக்குமா?

"அவ்வளவு தெரிஞ்சவரெண்டா, நீரே போய் அவளை ஏத்திக்கொண்டு போமன்!" என்று கத்தினான்.

சத்தம் நின்றது. மணமும் போய்விட்டது. தான் வென்றுவிட்டதாக நினைத்து, முட்டாள், மிச்சத்தையும் அராவி முடித்தான்.

பஸீர் திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். "இனி இது ஒண்டுக்கும் ஆகாது."

அப்போது போன் அடித்தது. நிரோஷா.

"நான் இன்னும் கராஜில..." என்று இழுத்தான். "கார் இன்னும்..."

"கார் வந்திட்டுதே! நீங்கள்தான் அனுப்பினதெண்டு, ஓட்டிக்கொண்டு வந்த திருநீறு பூசின ஐயா சொன்னவர். நாங்கள் வெளிக்கிட்டிட்டம். நல்ல மனுசன். அம்மா குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, அருமை எண்டு சொன்னவர்."

கார் அவன் கண் முன்னால்தான் நின்றது. என்ஜின் திறந்தபடி. ஒரு ரொக்கர்கூட இல்லாமல்.

போனுக்குள் என்ஜின் ஓடியது. ஒரு தட்டல் இல்லை, ஓர் உதறல் இல்லை. பஸீருக்கும் கேட்டது. இடையில் நிரோஷா சிரித்தாள்... அவனோடு இருந்த காலத்தில் ஒருநாளும் அப்படிச் சிரித்தவளில்லை.

"நிரோஷா, இறங்கு! உடன இறங்கு!"

"ஏன்? இண்டைக்குத்தான் நிம்மதியாப் போறன்."

பிறகு காற்றுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அவள் கொட்டாஞ்சேனைக்கு வரவில்லை. வெள்ளவத்தைக்கும் திரும்பவில்லை. பொலிஸில் சொல்லி, அந்தோனியார் கோவிலில் அழுது, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இப்போது யாரிடமும் குறை சொல்வதில்லை, பெரிய மனுசன். அவன் திருந்தி யாருக்கு என்ன லாபம்?

கார் இன்னும் பஸீரின் கராஜில்தான், கழற்றியபடி நிற்கிறது. அந்த ரொக்கர்களை எடுத்து எறியப் போன பஸீருக்குக் கை வெந்துவிட்டது. ஓடுகிற என்ஜினுக்குள் இருப்பதைப் போல, சுடச்சுட, எண்ணெய் வடிந்தபடி கிடந்தனவாம்.

மாதக்கணக்காகிறது... இன்னும் ஆறவில்லை.