பெரிய செப நாளுக்கு முந்தின பின்னேரம்

டென்மார்க்கின் ஒடென்சே நகரப் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இருவரும் தமிழில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் மன்னார்க் கத்தோலிக்கர். மற்றவர் யாழ்ப்பாணத்து இளைஞர், நெற்றியில் திருநீறு.

"நாளைக்கு இஞ்ச பெரிய செப நாள். நாடே லீவு. ஆனா ஒருத்தரும் செபிக்கமாட்டினமாம்" என்றார் மூத்தவர்.

"ஆர் சொன்னது, அண்ணை?"

"எங்கட டேனிஷ் டீச்சர். இண்டைக்குச் சூடா கோதுமைப் பணிஸ் தின்னுவினம், நாளைக்கு நல்லா நித்திரை கொள்ளுவினம் எண்டு சிரிச்சா. நான் நாடு முழுக்கச் செபிக்கும் எண்டு நம்பிக்கொண்டிருந்தனான்."

இளைஞர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டில இருந்து கடிதம் வந்ததோ?"

"இல்லை, மூண்டு மாசமாச்சு. மன்னாரில ஆமிச் சுத்திவளைப்பு எண்டு மட்டும் கேள்விப்பட்டன். மனிசியும் பிள்ளையளும் எங்க எண்டே தெரியேல்லை."

மூத்தவர் சட்டைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தார்.

"போன ஞாயிறு பூசைக்கு இஞ்சத்தைக் கத்தோலிக்கக் கோயில்ல அஞ்சு கிழவியள்தான். என்ர குரல் எனக்கே கேட்டுது. தனிய இருந்து செபிக்கப் பயமா இருக்கு, தம்பி."

"எனக்கு உங்கட செபம் ஒண்டும் தெரியாது, அண்ணை."

"தெரியத் தேவையில்லை. பக்கத்தில இருந்தாலே காணும்."

இளைஞர் மணியை அழுத்திவிட்டு எழுந்தார்.

"நாளைக்குக் கோயிலுக்கு எத்தனை மணிக்கு வரோணும்?"