வெளியே நின்றவள்

சங்கு ஊதுகிறது. விடியற்காலை. விட்டு விட்டு ஊதுகிறது. மேடம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்குகிறாள். நான் பின்னால். பாதிப் படியில் திரும்பிப் பார்க்கிறேன். தங்கமணி இல்லை.

தங்கமணி என் சித்தி மகள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீடு. கொழுந்து பறித்த சம்பளம் கைக்கும் வாய்க்குமே போதவில்லை. இலங்கையிலிருந்து வேறொரு நாட்டுக்கு வீட்டு வேலைக்கு நான் முதலில் போனேன். பிறகு அவள் வந்தாள். இருவருக்கும் ஒரே மேடம் வீடு. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டாகப் பிளந்த நாடு. வடக்கை ஒரு கூட்டம் வைத்திருந்தது. தெற்கை ஒரு கூட்டம். தரையில் அவர்கள் அடித்துக்கொண்டார்கள். வானத்தில் பறந்தது இருவருடைய விமானமும் இல்லை. கடல் தாண்டி வந்த வல்லரசின் விமானம். அண்ணன் தம்பி சண்டையில் இவர்களுக்கு என்ன வேலை? எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை.

முதலில் குண்டு சொல்லாமல் விழுந்தது. பிறகு ஊரில் எச்சரிக்கைச் சங்கு வைத்தார்கள். அன்றுதான் முதல் தடவை ஊதுகிறது. ஊதினால் உள்ளே ஓட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தாள். நானும் தமிழில் சொல்லியிருந்தேன். தங்கமணி தலையாட்டினாள்.

தூக்கத்தில் இருக்கிற உடம்புக்கு அதெல்லாம் தெரியுமா? எங்கள் தோட்டத்தில் தேயிலை ஆலையின் சங்கு ஊதினால் வெளியே வர வேண்டும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அங்கேதான் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அந்தச் சங்குக்கு எழுந்து பழகியவள் அவள்.

படியேறி ஓடுகிறேன். முன்கதவு திறந்து கிடக்கிறது. முற்றத்தில் நிற்கிறாள். கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கு கட்டுவோம். அதுபோல மேசைத்துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள்.

"தங்கமணி! உள்ள வா புள்ள! அது நம்ம சங்கு இல்ல!"

"பிந்துனா வெரட்டிருவாங்கக்கா."

கண்ணில் இன்னும் தூக்கம். மேலே இரைச்சல். பிறகு காது அடைத்துப்போயிற்று. மண். கண்ணாடித் தூள். நான் எழுந்தபோது முற்றம் இல்லை.

வல்லரசின் அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் பேசினார். மேடம் எனக்குப் புரியும்படி சொன்னாள். எச்சரிக்கை கொடுத்தார்களாம். பொதுமக்கள் உள்ளே போய்விட்டார்களாம். வெளியே நின்றவர்கள் துவக்குத் தூக்கிய ஆயுதக்காரர்களாம். கொழுந்துக் கூடையைத் தவிர வேறொன்றும் சுமந்தறியாத பிள்ளை அவள்.

ஊர் திரும்பி, தங்கமணியின் சாவைப் பதியச் சித்தியைக் கூட்டிக்கொண்டு பதுளையில் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஒரு கந்தோரில் எந்தப் பக்கத்துக் குண்டு என்று கேட்டார்கள். இன்னொன்றில் உடம்பு எங்கே என்றார்கள். எல்லா இடத்திலும் நாளைக்கு வரச் சொன்னார்கள். கடைசியாக ஓர் ஐயாவிடம் சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம்புள்ள துவக்கு புடிச்சதுன்னு மட்டும் எழுதிராதீங்கய்யா."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

இப்போது மடுல்சீமையில் இருக்கிறேன். காலையில் சங்கு ஊதுகிறது. லயமே வெளியே போகிறது. நான் கட்டிலுக்கடியில் கிடக்கிறேன். நடுக்கம் நின்று களத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரட்டு கலைந்துவிடுகிறது. விரட்டுகிறார்கள். யாரைக் கோபிப்பது?

அந்தக் குண்டில் போனதையெல்லாம் சொல்கிறேன். ஒரு கதவு. ஒரு மேசைத்துணி. என் இடது காது. தங்கமணி. வல்லரசின் கணக்கிலும் அவள் இருக்கிறாள், செத்த ஆயுதக்காரர்களில் ஒருத்தியாக. அந்தக் கணக்கில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.