தின்னாத முட்டை

"நான் தின்னாத முட்டையை அந்த அக்கா பாரத்துல எழுதிட்டுப் போயிட்டாவ, மைனி."

புதன்கிழமை காலை எட்டு இருபதுக்கு ஏரலில் புறப்பட்ட திருநெல்வேலி பேருந்தில், முன் இருக்கையிலிருந்த கர்ப்பிணி தன் அண்ணன் மனைவியிடம் இதைச் சொன்னாள். கர்ப்பிணிகளின் உணவை ஆராயும் பெண் ஒருவர் போன வாரம் அவள் மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"நீ சொல்லாமலா எழுதுனாவ?"

"அத்தை பக்கத்துலயே நிக்காவ. ரெண்டு முட்டை, ஒரு துண்டு மீனுன்னு அவியளே சொல்லுதாவ. நான் தலையாட்டிட்டேன்."

"அதுக்குத்தான் தலை வச்சிருக்கியா?"

"இப்ப ரத்தம் கம்மின்னு வந்திருக்கு. இவ்வளவு தின்னும் ஏன் ஏறலைன்னு அந்த அக்கா குழம்பிப்போய், வேற ஏதும் நோயான்னு பாக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்காவ."

"அங்க போய் உள்ளதைச் சொல்லு."

"அங்கயும் அத்தை வந்து நிப்பாவள்லா."

மதினி தன் கைப்பேசியை நீட்டினாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் கர்ப்பிணி அந்த ஆய்வுப் பெண்ணை அழைத்தாள்.

"அக்கா, அன்னைக்கு எழுதுனதை அடிச்சிருங்க. காலையில வெறும் காப்பி. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பெறவு மிச்சமிருந்த ரசமும் சோறும். ராத்திரியும் அதுதான்."

சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா, வேற ஒண்ணும் தின்னல. இனி வீட்டுக்கு வந்தா, அத்தைட்ட குடிக்கத் தண்ணி கேளுங்க. அவிய உள்ள போன பெறவு என்ட்ட கேளுங்க."