எட்டுப் பக்கமும் அவள் முகம்

பனகல் பார்க்கில் பஸ் ஏறிய இரண்டு இளைஞர்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குப் படம் போடுகிறவன்.

“மச்சி, என் கதாநாயகிக்குப் பின்னந்தலையே கெடையாது!”

“இன்னாடா உளர்றே?”

“அவளைப் பின்பக்கமா நான் வரைஞ்சதே இல்ல. முன்பக்கமும் வாராவாரம் மூஞ்சி மாறுதாம். இன்னிக்கும் மாறினா வேற ஆளைப் போட்டுடுவேன்னுட்டார் ஆசிரியர். ஜப்பான்ல கார்ட்டூன் படத்துக்கு ஒரு ஓவியர் கீறாராம். ஒரே மூஞ்சியை எட்டுப் பக்கமும் வரைஞ்சு குடுப்பாராம். மத்தவங்க அதைப் பாத்துத்தான் வரையணுமாம். கப்பல்ல வேலை பாக்கற மாமா சொன்னாரு. நானும் வரைஞ்சுட்டேன், பாரு.”

நண்பன் தாள்களைப் புரட்டினான். நானும் எட்டிப் பார்த்தேன்.

“எட்டும் ஒரே பொண்ணுதான்டா!”

“அப்பாடா!”

“ஆனா போன வாரப் பொண்ணு இல்லியே?”

லஸ் வந்துவிட்டது. ஓவியன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

“எந்த வாரப் பொண்ணும் இல்ல. இனிமே இவதான்.”