ஊமைப்பள்ளத்தை அளக்க மறுத்தவர்

மண்ணின் மனமறிந்த மாண்பாளரே! மேட்டின் பொறுமையையும் பள்ளத்தின் பசியையும் பார்த்த பார்வையிலேயே பகுத்தறிந்த பண்பாளரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் அளவுச் சங்கிலியோடு நடந்தும் சலிப்பறியாத கால்களுக்குச் சொந்தக்காரரே! எங்கள் நில அளவைப் பிரிவின் வட்டத் துணை ஆய்வாளர், உயர்திரு ஐயாசாமி அவர்களே! வணக்கம்.

இத்தனை விளிகளோடு நிறுத்திக்கொள்கிறோம். "என்னய மேடையில உக்கார வெச்சு மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா, அஞ்சரை பஸ்ஸுக்கு ஊட்டுக்குப் போயிருவேனுங்க" என்று போன வாரமே மிரட்டிவிட்டார். போகிற ஆள்தான். ஆகவே இந்த மடலில் இனி 'தாங்கள்' கிடையாது, 'அவர்' மட்டுமே. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கட்டும். மாலையை மட்டும் கழற்றக் கூடாது!

புலப்படத்தைப் பார்த்து நிலத்தை அறிந்தோர் பலர். நிலத்தைப் பார்த்து அதில் குடியிருப்போரை அறிந்தவர் அவர். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் அடித்து வரும் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் மேற்கத்தி ஊர்களில் வீடுகள் உட்கார்ந்திருக்கின்றன என்று எங்களுக்குக் காட்டியவர். கரிசலில் பருத்தி போட்ட குடியானவன் ஏன் அங்கேயே வீடு கட்டாமல் அரை மைல் தள்ளிச் செம்மண் மேட்டுக்குப் போனான் என்று கேட்பார். நாங்கள் விழிப்போம். "கோடையில கரிசல் வெடிக்குமுங்க. செவுத்தையும் சேத்துக் கிழிச்சுப்போடும்" என்பார். பொள்ளாச்சியிலிருந்து கிழக்கே போகப் போக மழை இளைத்து, தென்னை போய்ச் சோளம் வந்து, சோளமும் போய் வெள்ளாடு மேயும் வெறுங்காடு வருவதை ஜீப்பிலிருந்தே விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டு வருவார். "மனுசன் எங்க குடியிருக்கோணுமுன்னு மண்ணு மொதல்லயே முடிவு பண்ணிப்போடுது. நாம கல்லு நட்டுப் பட்டா குடுக்கறதெல்லாம் அதுக்கப்புறமுங்க" என்பது அவர் வாக்கு.

இவ்வளவு அறிந்தவரை ஒரு கேள்வி ஏழு வருடம் தூங்கவிடவில்லை. அதை இந்த மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. எழுதாவிட்டால் பாராட்டுக்கே பொருளில்லை என்று முடிவாயிற்று.

1990இல் செங்கரட்டுப்பாளையத்தில் முப்பத்தாறு குடும்பங்களுக்குத் தொகுப்பு வீடு வந்தது. அதுவரை அவர்கள் அடுத்தவர் வரப்போரம் ஓலைக் குடிசையில் கிடந்தவர்கள். பஞ்சாயத்துத் தலைவர் கந்தப்பன் காட்டிய இடம் ஊமைப்பள்ளம். பஸ் ரோட்டை ஒட்டிய வறண்ட ஓடை. யாருடைய தோட்டமும் ஒரு சாண் குறையாது, இறங்கி நடந்தால் பஸ். எல்லோருக்கும் சந்தோஷம். நம்மவர், சங்கிலி பிடிக்கும் சின்னானோடு போய் இறங்கினார். ஓடைக்குள் நடந்தார். கூழாங்கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தார். ரோட்டுப் பாலத்துக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்து, சங்கிலியைச் சுருட்டச் சொன்னார்.

"ஏனுங்க, பதிமூணு வருசமா ஒரு சொட்டுத் தண்ணி போவலீங்க. பள்ளமுன்னு பேருதானுங்க இருக்குது" என்றார் கந்தப்பன்.

"சும்மா கெடக்கற ஓடைக்கு மூணு கண்ணு வெச்சு யாருங்க பாலம் கட்டுவாங்க? இது நம்மூரு மழைக்கு ஓடற ஓடை இல்லீங்க, மலைத் தண்ணிக்கு ஓடறது. நான் அளக்க மாட்டேன்."

வீட்டுக்கு மனுக் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர் கனகம். மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாள். அவர் சொன்னதைச் சின்னான் இன்றும் அப்படியே சொல்வார்: "எங்களுக்கு ஒரு ஊடு வாரப்பத்தான் உங்களுக்குத் தண்ணி நெனப்பு வருதுங்களா சார்? அந்தப் பள்ளத்துல நாங்க ஒருநாளும் காலு நனைச்சதில்லீங்க."

நியாயமான கேள்வி. நம்மவர் வேறு இடம் தேடிக் கிளம்பினார். ஒரு மைல் தள்ளியிருந்த செம்மண் கரடு, மேய்ச்சல் புறம்போக்கு. அதில் பாதியைக் கந்தப்பனின் பங்காளிகள் வேலி போட்டு வளைத்திருந்தார்கள். அதை அளந்து கல் நட்டார். வேலி நகர்ந்தது, புகார் மனுக்கள் பறந்தன, மூன்று வருடம் அவரை வேறு ஊருக்குத் தூக்கியடித்தார்கள். அதற்கெல்லாம் அவர் கலங்கவில்லை. ஆனால் ஒரு பிழை செய்திருந்தார். மேட்டைப் பார்த்தவர், மேட்டுக்குப் போகும் பாதையை அளக்க மறந்துவிட்டார்! வீடுகள் எழுந்தன, வழி மட்டும் இல்லை. வரப்பிலேயே நடந்து ஒரு மைல் தண்ணீர் சுமந்தார்கள். மறுவருடம் கனகத்தின் மருமகளுக்கு வலி கண்டு, கட்டிலில் வைத்துப் பஸ் ரோட்டுக்குத் தூக்கி வந்தபோது வரப்பிலேயே பிள்ளை பிறந்தது. பிழைக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் இரண்டு நாள் விடுப்புப் போடுவார். அந்தப் பக்கம் சம்பந்தி வீடு இருக்கிறது போல என்று கேலி பேசினோம். அவர் போனது ஊமைப்பள்ளத்துப் பாலத்துக்கு என்று சின்னான்தான் சொன்னார். குடையைப் பிடித்துக்கொண்டு வறண்ட மணலையே பார்த்து நிற்பாராம். தண்ணீர் வந்தால் அவர் சொன்னது மெய்யாகும். வராவிட்டால் அந்தச் சிசு எதற்காகப் போனது? ஏழு ஐப்பசி கழிந்தது. தண்ணீர் வரவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்புக்கு இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறோம்.

சென்ற மே மாதம் அதே குடும்பங்களிடமிருந்து மனு வந்தது. மகன்களுக்குக் கல்யாணமாகிவிட்டது, ஊமைப்பள்ளத்தையே பிரித்துக் கொடுங்கள். முதல் கையெழுத்து கனகம். "ஒரு மாசந்தானுங்க இருக்குது, வாரவரு பாத்துக்கட்டும்" என்று நாங்கள் சொன்னோம். அவர் சங்கிலியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அங்கே ஓடைக்குள் குடிதண்ணீர்க் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டடியில் கடப்பாரையை நிறுத்திவிட்டு ஆட்கள் மேலே ஏறிவிட்டார்கள். கனகம் சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினார். வெகுநேரம் மேலே வரவில்லை. ஏறி வந்தவர் நேரே நம்மவரிடம் போனார்.

"அடுப்புங்க சார். மூணு கல்லும் வெச்ச எடத்துலயே இருக்குதுங்க. பக்கத்துல செவுத்து அடிக்கல்லு. அடுப்பு மேல சட்டி, உள்ள பூரா மணலு. எறக்கி வெக்கக்கூட அவளுக்கு நேரமில்லீங்க."

யார் அவள், எந்தக் காலத்து வெள்ளம் அவள் வீட்டை மணலால் மூடியது, யாருக்கும் தெரியாது. ஊர் வாய்ச்சொல்லில்கூட அவள் இல்லை. நம்மவர், 'பார்த்தீர்களா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயது ஆண்மகன், ஆட்கள் நடுவே, குலுங்கி அழுதார். "அம்மணி, உங்க பேரப்புள்ள... நான் தடம் உடாமப் போயிட்டேன்" என்றார்.

"அதப் பேசாதீங்க. அது ஆறாதுங்க" என்றார் கனகம். கரட்டுப் பக்கம் கையை நீட்டி, "மத்த புள்ளைக அத்தனையும் மேட்டுல இருக்குதுங்க. கரட்டுல இன்னும் எத்தன மனை வருமுன்னு பாருங்க. தடத்தையும் சேத்து அளங்க" என்றார்.

மனுவைக் கனகமே திரும்ப வாங்கிக்கொண்டார். கரட்டில் மேலும் இருபத்திரண்டு மனைகள் அளக்கப்பட்டன. பஸ் ரோடு வரை பதினாறடி அகலத்தில் தடம் ஒன்று விழுந்தது. அது கந்தப்பனின் தோட்டத்துக்குள் போகிறது. கிணற்றுக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்த கந்தப்பன், "எடுத்துக்குங்க" என்றதோடு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தடத்தின் வரைபடத்தில் நேற்று மாலை இட்டதே நம்மவரின் கடைசிக் கையெழுத்து.

அளந்த நிலமெல்லாம் அரசின் ஏட்டில் இருக்கும்; அளக்க மறுத்த நிலத்தால் அவர் எங்கள் நெஞ்சில் இருப்பார். நேர்மையில் நெடுங்கல், நெஞ்சில் பஞ்சு! செய்த பிழையைச் சுமந்து நடந்து, அதைத் தன் கையாலேயே திருத்திவிட்டு விடைபெறும் பெருந்தகை! கனகம் அம்மாள் இதோ முன்வரிசையில் வந்திருக்கிறார். மேட்டிலிருந்து இன்று காலை புதுத் தடத்தில் நடந்தே வந்தாராம்.

உடல் நலமும் உள்ள அமைதியும் உற்றார் சூழ்ந்த இல்லமும் அமைந்து அவர் நெடுங்காலம் வாழ்க! ஐப்பசிதோறும் அந்தப் பாலத்துக்கு இனியும் அவர் போவார், தெரியும். இனி நாங்களும் முறை வைத்துக் கூடப் போவோம். அவர் வாக்கு பலிக்க வேண்டுமென்று வேண்டத் துணியவில்லை, பொய்க்க வேண்டுமென்றும் கேட்கமாட்டோம். ஊமைப்பள்ளத்துக்குத் தண்ணீர் வரும் நாளில் வரட்டும். தட்டுவதற்கு அங்கே ஒரு கதவும் இல்லாமல் போகட்டும்.

30.6.1998

நெஞ்சு நிறைந்த அன்போடும் அன்றைய சிரிப்புக்கு நாணியும்,
நில அளவைப் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்,
சங்கிலி பிடித்த சின்னான் உட்பட.