அருள்மேரி தினமும் எழுதிய ஃபைல்

எனக்குக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால்தான் தட்டத் தெரியும். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும்.

அந்தப் பெட்டியை எங்கள் மகள் பிரின்ஸிதான் வாங்கி வைத்தாள். அவள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். என் மனைவி அருள்மேரிக்குச் சர்க்கரை நோய். என்ன சாப்பிட்டாள், சர்க்கரை எவ்வளவு என்று தினமும் ஒரு ஃபைலில் எழுத வேண்டும். இங்கே எழுதினால் ஓசூரில் அவள் பெட்டியில் தெரியும். அவள் எழுதினால் இங்கே தெரியும். தலைமடையில் திறந்த தண்ணீர் எங்கள் வலங்கைமான் பக்கத்து வயலுக்கு வரப் பத்து நாளாகும். இது எப்படி நொடியில் போகும்? நான் நம்பவில்லை.

"சாப்பாட்டத்தான எழுதுறேன், உங்களுக்கு என்னங்க?" என்றாள் அருள்மேரி.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்தபோது திறந்து பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. இட்லி இரண்டு, சர்க்கரை நூற்று எண்பது. அதற்குக் கீழே, அப்பா இன்றைக்கும் அடித்தார். மறுநாள் கேழ்வரகுக் கூழ், இடது காது கேட்கவில்லை. இப்படியே ஏழு மாதம். கடைசியில் பிரின்ஸி எழுதியிருந்தாள்: 'சனிக்கிழமை கார் அனுப்புறேம்மா. அப்பாகிட்ட சொல்லாதீங்க.'

நாற்பத்தோரு வருடம் சோறு போட்டவன் நான். வீட்டு விஷயத்தை ஏழு மாதமாக ஊர் தாண்டிக் கடத்தியிருக்கிறாள்.

அன்றைக்கு நான் அவளை அடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மத்தியானம் அவள் படுத்திருந்தாள். தலையணை போதுமானதாக இருந்தது.

பிறகு நான்தான் எழுதினேன். 'கார் வேண்டாம். தொண்டை கட்டிருக்கு, போன் பண்ணாத.' திங்கள், இட்லி இரண்டு. செவ்வாய், கூழ். அவள் எழுதியதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். பிரின்ஸி, 'சரிம்மா, உடம்பப் பாத்துக்கங்க' என்று பதில் போட்டாள். இந்தப் பெட்டியும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

புதன்கிழமை எனக்குக் கறி மேல் ஆசை. ஆட்டுக்கறிக் குழம்பு, சர்க்கரை நூற்று அறுபது என்று எழுதினேன். நான் கோயிலுக்குப் போவதை விட்டுப் பல வருடம். அன்று சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள் என்பது நினைவில் இல்லை. பிரின்ஸி பிறந்ததிலிருந்து அந்த நாளில் அருள்மேரி கறியைத் தொட்டதில்லை.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் வரிக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'அப்பா. அம்மா எங்க?'

கொல்லையில் இருக்கிறாள். சம்பா அறுத்த வைக்கோலை இந்த வருடம் இடம் மாற்றிப் போர் போட்டிருக்கிறேன். அதன் அடியில் பாருங்கள். அவளை நான் எங்கேயும் அனுப்பவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஐயா. இதைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றினால் வீட்டு விஷயம் வெளியே போய்விடும்.