அகதா பூட்டிவிட்டுத்தான் போவாள்

திறந்து கிடக்கும் மேசை லாச்சியைப் பார்த்தால் எனக்குக் கை நமநமக்கும், இன்ஸ்பெக்டர். உங்கள் மேசையிலும் ஒரு இழுப்பறை திறந்திருக்கிறது. பரவாயில்லை, இருக்கட்டும்.

ஈப்போவில் எங்கள் கம்பெனி ஈயச் சுரங்கங்களுக்குப் பம்பு விற்கிறது. டெண்டர் விலை முன்கூட்டியே வெளியே தெரிந்தால் தொலைந்தோம். மேனேஜரான நான், லாச்சியைப் பூட்டுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். சுவரில் எழுதி ஒட்டினேன். ஒழுங்காகப் பூட்டுகிறவர்களுக்குத் தீபாவளிக்கு பிஸ்கட் டின்கூடக் கொடுத்துப் பார்த்தேன். ஸ்டோர் பிச்சைமுத்து அதைத் தின்றுகொண்டே சிரித்தான். "நம்ம விலைய எவன் சார் திருடப் போறான்? சும்மா பயப்படாதீங்க லா."

எனக்கு எரிச்சலாக வந்தது. பயம் இல்லாத இடத்தில் பொறுப்பு எப்படி வரும்?

விலையை வெளியே விட்டதாகப் பிச்சைமுத்துவையே மாட்டிவிட்டிருக்கலாம். 'கவனமில்லாதவன், பட்டான்' என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். அகதா அப்படியில்லை. சிலிபினிலிருந்து பஸ்ஸில் வரும் டைப்பிஸ்ட். கை கழுவப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போவாள். அவளுக்கே இந்தக் கதி என்றால் எல்லாரும் பயந்து பூட்டுவார்கள். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

விலை வைக்கும் அலமாரியின் சாவி என்னிடமும் அகதாவிடமும் மட்டுமே இருந்தது. எண்பத்து மூன்றில் வந்த பெரிய டெண்டருக்கு, போட்டிக் கம்பெனியை நானே போனில் கூப்பிட்டு எங்கள் விலையைச் சொன்னேன். டெண்டர் கைவிட்டுப் போனது. இன்னொரு சாவி அகதாவிடம்தான் இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி எல்லார் முன்னாலும் அகதாவைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பினார். அன்று மாலை ஒவ்வொரு மேசையாக இழுத்துப் பார்த்தேன். எல்லாமே பூட்டியிருந்தன. பிச்சைமுத்து இரண்டு தடவை பூட்டினானாம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அகதா குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு வந்தாள். "நா எடுக்கல, ஆம்புரோஸ் சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா மொதலாளி நம்புவாரு. மாப்ள வீட்லயும் வேணாம்னுட்டாங்க. கோயில்ல கூட யாரும் மூஞ்சி குடுத்துப் பேசல."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தால் மறுநாளே எல்லா லாச்சியும் திறந்து கிடக்கும். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் சுரங்கக் குட்டையிலிருந்து அவளைப் பிணமாக எடுத்தார்கள். அவள்மேல் அந்தப் பழியைப் போட்டவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு எங்கள் விலை எத்தனை தடவை வெளியே போயிருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஒரு தடவைகூட இல்லை. போய்விடக் கூடாதே என்றுதான் இத்தனையும் செய்தேன்.